துவங்காத மடிக்கணினியை அழித்துவிடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். 2018-க்கு முன் வாங்கிய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வராது. கடலூரிலும் சிதம்பரத்திலும் மாணவர் வீடுகளில் இன்னமும் புழங்கும் பழைய மடிக்கணினிகளுக்கு, அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகளையும் சேர்த்தே சொல்கிறேன், செலவில்லாமல் பாதுகாப்பாக ஓட இருக்கும் நல்ல வழி லினக்ஸ். ஆனால் அந்த வழியில் காலெடுத்து வைப்பவர்களைத் தடுக்கி விழவைக்கும் ஒரு கல் வாசலிலேயே கிடக்கிறது. லினக்ஸை நிறுவியோ, ஏற்கெனவே இருந்ததை மறுபடி நிறுவியோ முடித்து, ரீஸ்டார்ட் கொடுத்ததும் கறுப்புத் திரை வருகிறது. ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று ஒரு வரி, அல்லது ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பதறிப்போய்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: “ஓ.எஸ். போயிடுச்சு, ஃபார்மட் பண்ணித்தான் போடணும்.” சில நேரம் இன்னும் கடுமையாக, “ஹார்டு டிஸ்க் போயிடுச்சு.” இந்தத் தீர்ப்புகள் பெரும்பாலான நேரங்களில் தவறானவை என்பதும், அந்தத் தவறுக்கு மாணவர்கள் தங்கள் உழைப்பை விலையாகக் கொடுக்கிறார்கள் என்பதும், இயங்குதளத்தை எழுப்பும் பூட் லோடரைச் சரிசெய்யும் அறிவை கடலூர் மாவட்டத்தின் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் பாடமாகவே சொல்லித்தர வேண்டும் என்பதும் என் வாதம்.

பொத்தானை அழுத்தும்போது மடிக்கணினிக்குத் தன் வன்தட்டில் என்ன இயங்குதளம் இருக்கிறது என்பதே தெரியாது. தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் சிறு மென்பொருள்தான் முதலில் விழிக்கிறது. பழைய இயந்திரங்களில் அது பயாஸ். வன்தட்டின் தொடக்கத்தில் இருக்கும் 512 பைட்டை மட்டும் அது படிக்கும். அந்த 512-இல் நிரலுக்கு 446 பைட், வன்தட்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு 64 பைட், கடைசி 2 பைட் அடையாள முத்திரை. ஒரு இயங்குதளத்தைத் தேடிப்பிடித்து எழுப்ப 446 பைட் போதாது. ஆகவே அந்தத் துணுக்கு நிரல் இன்னொரு பெரிய நிரலுக்கு வழி காட்டுகிறது, அது அடுத்ததற்கு. லினக்ஸ் உலகில் இந்தக் கைமாற்றத்தைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்வது கிரப் என்ற பூட் லோடர். 1995-இல் எரிக் போலின் எழுதத் தொடங்கியது. பிறகு குனு திட்டத்தின் பொறுப்புக்கு வந்தது. புதிய மடிக்கணினிகளில் பயாஸுக்குப் பதில் யு.இ.எஃப்.ஐ. இருக்கிறது. அது 512 பைட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. வன்தட்டில் சில நூறு மெகாபைட் அளவில் ஃபேட் வடிவத்தில் ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். விண்டோஸும் லினக்ஸும் அதற்குள் தத்தம் கோப்புறையில் தத்தம் துவக்கக் கோப்பை வைத்திருக்கும். எந்தக் கோப்பை முதலில் எடுப்பது என்ற வரிசைப் பட்டியல் வன்தட்டிலேயே இல்லை, தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கிறது.

இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு ‘ஃபார்மட் பண்ணணும்’ என்ற பதிலைத் திரும்பப் பாருங்கள். பழுது இருப்பது 446 பைட்டில், அல்லது சில நூறு மெகாபைட் பகுதியில், அல்லது வன்தட்டுக்கே சம்பந்தமில்லாத ஒரு பட்டியலில். மாணவரின் கோப்புகள் இருப்பதோ வேறொரு பகுதியில், நூற்றுக்கணக்கான ஜி.பி. பரப்பில், தொடப்படாமல். வாசல் கதவின் பூட்டு இறுகிக்கொண்டதற்காக வீட்டையே இடித்துக் கட்டச் சொல்லும் ஆலோசனை இது.

பழுது எங்கே என்பதை அந்தக் கறுப்புத் திரையே சொல்கிறது என்பதுதான் இதில் பலரும் கவனிக்காத செய்தி. ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வந்தால் தாய்ப்பலகை மென்பொருளுக்குத் துவக்கக் கோப்பே கண்ணில் படவில்லை என்று பொருள். கிரப் இன்னும் மேடைக்கே வரவில்லை. ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வந்தால் கிரப்பின் முதல் பாதி வந்துவிட்டது, தன் மறுபாதி இருக்க வேண்டிய பகுதியைக் காணாமல் நிற்கிறது. லினக்ஸ் இருந்த பகுதியை அழித்து வேறிடத்தில் நிறுவியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ரெஸ்க்யூ என்ற சொல் இல்லாமல் வெறும் ‘கிரப்’ என்று நின்றால் கிரப் முழுதாக வந்துவிட்டது, எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று சொல்லும் கோப்புதான் இல்லை. அதையும் தாண்டி ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நின்றால் பூட் லோடர் தன் வேலையை முடித்துவிட்டது. லினக்ஸின் கருவே (கெர்னல்) ஓடத் தொடங்கிவிட்டது. அது தேடும் பகுதியின் அடையாள எண் மாறியிருக்கிறது அல்லது கோப்பு முறைமை சரிபார்ப்பைக் கேட்கிறது. நான்கு செய்திகள், நான்கு வெவ்வேறு இடங்கள். இவற்றைப் படித்துப் பிரித்தறியப் பொறியியல் பட்டம் தேவையில்லை. நான்கிற்கும் ஒரே மருந்தாக ஃபார்மட்டை எழுதிக்கொடுப்பது நோயைப் பார்க்காமலே வைத்தியம் செய்வது.

மறுநிறுவலுக்குப் பிறகு இது ஏன் நேர்கிறது என்பதிலும் மர்மம் ஒன்றும் இல்லை. மிகப் பரவலான காரணம், இயந்திரம் ஒரு முறையிலும் நிறுவல் இன்னொரு முறையிலும் இருப்பது. முன்பிருந்த விண்டோஸ் யு.இ.எஃப்.ஐ. முறையில் இருக்கும், பென் டிரைவை பழைய பயாஸ் முறையில் துவக்கி லினக்ஸை நிறுவியிருப்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. இரண்டாவது, நிறுவும்போது துவக்கப் பகுதியையும் சேர்த்து ஃபார்மட் செய்துவிடுவது. விண்டோஸின் துவக்கக் கோப்பும் அதோடு போய்விடும், ஆனால் விண்டோஸ் அப்படியே இருக்கும். மூன்றாவது, பூட் லோடர் வன்தட்டுக்குப் பதிலாக பென் டிரைவிலேயே எழுதப்பட்டுவிடுவது. பென் டிரைவ் செருகியிருக்கும்வரை எல்லாம் ஓடும், உருவியதும் நின்றுவிடும். நான்காவதுதான் மிக எளியது: எல்லாம் சரியாக இருக்கும், தாய்ப்பலகைப் பட்டியலில் வரிசை மட்டும் மாறியிருக்கும். எஃப்2 அல்லது எஃப்12 விசையை அழுத்தி வரிசையை மாற்றினால் தீர்ந்தது. இந்த நான்காவது காரணத்துக்காகவும் வன்தட்டுகள் அழிக்கப்படுகின்றன என்பதுதான் வேதனை.

மற்ற மூன்றுக்கும் வழி ஏறக்குறைய ஒன்றே. லினக்ஸ் இருக்கும் பென் டிரைவிலிருந்து, இம்முறை சரியான முறையில், நிறுவாமல் சோதித்துப் பார்க்கும் வடிவில் இயந்திரத்தைத் துவக்க வேண்டும். வன்தட்டின் பகுதிகள் அப்போது கண்ணுக்குத் தெரியும். முதலில் செய்ய வேண்டியது, எந்தக் கட்டளையையும் விட முதலில், தேவையான கோப்புகளை இன்னொரு வன்தட்டுக்கு நகலெடுப்பது. பிறகு வன்தட்டு நல்ல நிலையில் இருக்கிறதா என்று அதன் சுயசோதனைப் பதிவைப் பார்ப்பது. அதன்பின் வன்தட்டில் உள்ள லினக்ஸ் பகுதியைப் பொருத்தி, அதன் துவக்கப் பகுதியை அதற்குள் பொருத்தி, அந்த லினக்ஸுக்குள் நுழைந்து, கிரப்பை மறுபடி நிறுவி, அதன் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். கட்டளைகளாக எழுதினால் பத்து வரிக்குள் அடங்கும். பயிற்சி உள்ளவருக்கு நகலெடுக்கும் நேரம் போக அரை மணி நேர வேலை. விண்டோஸின் துவக்கக் கோப்பு மட்டும் போயிருந்தால் விண்டோஸ் நிறுவல் பென் டிரைவிலேயே அதை மறுபடி எழுதும் கட்டளை இருக்கிறது. உண்மையிலேயே வன்தட்டு செத்துப்போயிருக்கும் நிலையும் உண்டு. பத்து ஆண்டு ஓடிய வன்தட்டு சாகத்தான் செய்யும். அதையும் சோதித்துத்தான் சொல்ல வேண்டும், கறுப்புத் திரையைப் பார்த்து அல்ல.

கடலூர் மாவட்டத்துக்கென்று இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிய வெள்ளம் என்று மின்சாரம் நாள்கணக்கில் இல்லாமல் போவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. புயல் இல்லாத நாள்களிலும் மின்தடை உண்டு. மடிக்கணினியின் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் பழைய மடிக்கணினிகளில் பேட்டரிதான் முதலில் போகும். அதை மாற்றாமல், சார்ஜரை எப்போதும் செருகிவைத்து மேசைக் கணினிபோலப் பயன்படுத்துவார்கள். லினக்ஸின் கருவும் கிரப்பின் பட்டியலும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் கோப்புகள் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிடும். அடுத்த முறை இயந்திரம் துவங்காது. முன்பிருந்த கரு அழிக்கப்படாமல் பக்கத்திலேயே இருக்கும் என்பதும், துவங்கும்போது வரும் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் போய் அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும் என்பதும் தெரிந்தால் கடைக்கே போக வேண்டியதில்லை.

துவங்காமை என்பது அழிவு அல்ல என்பதற்கு உலகம் கண்ட மிகப் பெரிய சான்று 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பினால் விண்டோஸ் கணினிகள் துவங்க முடியாமல் திரும்பத் திரும்ப நின்றன. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் இயந்திரங்கள். விமான நிலையங்கள் முடங்கின. இந்தியாவிலும் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கப்பட்டது. அத்தனை இயந்திரங்களையும் ஃபார்மட் செய்யுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பாதுகாப்பு முறையில் துவக்கி, ஒரு குறிப்பிட்ட கோப்பை நீக்கி, மறுபடி துவக்குங்கள் என்பதுதான் தரப்பட்ட வழி. பல இயந்திரங்களின் முன்னால் ஆள்கள் உட்கார்ந்து கையால் அதைச் செய்தார்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளுக்கு இந்த மரியாதையைக் கொடுக்கின்றன. திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரம் தெற்கு வீதியிலோ ஒரு கல்லூரி மாணவியின் மடிக்கணினிக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும்.

அடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. 2024 ஆகஸ்ட் 13-இல் வெளியான விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் பல கணினிகளில் லினக்ஸைத் துவங்கவிடாமல் செய்தது. செக்யூர் பூட் என்ற ஏற்பாட்டில் தாய்ப்பலகை மென்பொருள் தான் நம்பும் கையொப்பம் உள்ள பூட் லோடரை மட்டுமே எழுப்பும். கிரப்பில் முன்பு கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைக்க, பழைய பூட் லோடர்களை இனி நம்பாதே என்று சொல்லும் பட்டியல் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அனுப்பியது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளுக்கு அது போகாது என்றார்கள், போய்விட்டது. முழுத் தீர்வு 2025 மே மாதப் புதுப்பிப்பில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, அந்தப் பட்டியலை நீக்கி, லினக்ஸைப் புதுப்பித்து, செக்யூர் பூட்டை மறுபடி இயக்குவதுதான் வழியாக இருந்தது. இந்த இரண்டு நிகழ்விலும் கணினிக்காரர் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இனியும் இவை வரும். செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 2011-இல் உருவாக்கிய சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. புதிய சான்றிதழைத் தங்கள் தாய்ப்பலகையில் பெறாத பழைய மடிக்கணினிகள், புதிய கையொப்பம் மட்டுமே கொண்ட லினக்ஸை மறுநிறுவல் செய்யும்போது ஏற்க மறுக்கும். அப்போதும் ‘ஹார்டு டிஸ்க் போயிடுச்சு’ என்று சொல்லிக்கொண்டிருக்கப் போகிறோமா?

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. சி. உமாசங்கர் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கில், அந்த நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. அரசுத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் லினக்ஸைப் பரிந்துரைத்தது. அதே 2007-இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், சென்னையில் நடந்த உழைப்பின் பயனாக, டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே நிறுவப்பட்ட இயந்திரங்கள் மாணவர் கைக்கு வந்தன. அதாவது இரட்டைத் துவக்கம் என்ற, பூட் லோடரை நம்பியே நிற்கும் ஏற்பாட்டை இலட்சக்கணக்கான பதின்வயதினர் கையில் கொடுத்தது அரசுதான். அடுத்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. உலகில் வேறு எத்தனை அரசுகள் இதைச் செய்திருக்கும்? அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் இயந்திரத்தைக் கொடுத்தவர்கள் அது துவங்காமல் நின்றால் என்ன செய்வது என்ற ஒரு பக்கத் தாளைப் பாடப்புத்தகத்தில் சேர்க்கவில்லை. பள்ளிக் கணினிப் பாடத்தில் பூட்டிங் என்பதன் இலக்கணம் இருக்கிறது. துவங்காத கணினியை எழுப்பும் செய்முறை இல்லை. இரட்டைத் துவக்கம் தொல்லை என்று எண்ணி, கடைகள் லினக்ஸை அழித்து, பல நேரம் உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுக்கொடுத்தன. கொடுத்த அரசின் நோக்கம் அங்கே பாதி செத்தது.

இப்போது இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்ற அறிவிப்பும், அதற்கு முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீடும் வந்தன. அறிவைச் சேர்த்துக் கொடுக்க ஆகும் செலவு இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாத அளவுக்குச் சிறியது.

இதற்கு வரும் மறுப்புகளில் கடைக்காரர் தரப்பு மறுப்புதான் வலுவானது. ஃபார்மட் செய்து விண்டோஸ் போடுவதற்கு இன்ன நேரம் ஆகும், இன்ன கூலி வாங்கலாம் என்று அவருக்குத் தெரியும். பூட் லோடரை ஆராய்வது பத்து நிமிடத்திலும் முடியலாம், இரண்டு மணி நேரமும் இழுக்கலாம். அதற்கு என்ன கூலி கேட்பது? சின்னக் கடை நடத்துபவரை இதற்காகக் குறைசொல்வது நியாயம் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் இந்தக் கணக்கில் வாடிக்கையாளரின் பக்கம் விடுபட்டுப்போகிறது. அண்ணாமலை நகரில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு தட்டச்சு செய்துகொண்டிருப்பவருக்கு, மூன்று ஆண்டுக் களப்பதிவுகள் அழிந்தால் அந்த இழப்பு எந்த சர்வீஸ் கட்டணத்திலும் வராது. “டேட்டா வேணுமா?” என்று கேட்டு, வேண்டும் என்றால் தனிக் கட்டணம் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அந்தக் கட்டணத்தையே பழுது நீக்கும் கூலியாக வாங்கிக்கொள்ளலாம். கோப்பை எடுத்துக்கொடுக்க வன்தட்டைத் திறக்க முடிகிறதென்றால் வன்தட்டு நலமாகத்தான் இருக்கிறது. மீதி அரை மணி நேர வேலைதான்.

தெரியாதவர்கள் கை வைத்தால் இருப்பதும் போய்விடுமே என்பது இரண்டாவது மறுப்பு. அச்சம் உண்மையானது. தவறான வன்தட்டின் பெயரைக் கட்டளையில் எழுதினால் இழப்பு நேரும். புதிய மடிக்கணினிகளில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: விண்டோஸ் 11 பல இயந்திரங்களில் வன்தட்டைத் தானாகவே மறைகுறியாக்கம் செய்துவைக்கிறது. செக்யூர் பூட்டை மாற்றினாலோ துவக்க வரிசையைத் தொட்டாலோ, அந்த மறைகுறியாக்கத்தைச் செய்யும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். எந்தக் கணக்கு, என்ன கடவுச்சொல் என்று மாணவருக்கு நினைவில்லாவிட்டால் அந்தத் தரவு உண்மையாகவே எட்டாக்கனிதான். ஆகவே எதையும் தொடுவதற்கு முன் சாவியைத் தாளில் எழுதிவைக்க வேண்டும் என்பது முதல் பாடமாக இருக்க வேண்டும். ஆபத்து இருக்கிறது என்பது கற்பிக்காமல் இருப்பதற்கான காரணம் ஆகாது. முறைப்படி, ஆசிரியர் முன்னால், நகலெடுத்துவிட்டுக் கற்பிப்பதற்கான காரணம். மாணவர்கள் இப்போதும் கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், யூடியூப் பார்த்து, தனியாக, நகல் எடுக்காமல்.

விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்பவர்களும் உண்டு. கிரவுட்ஸ்டிரைக் நாளில் விழுந்தவை விண்டோஸ் இயந்திரங்கள்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். அதைவிட முக்கியம், பழைய மடிக்கணினிக்கு இன்று வழக்கமான ஆதரவு உள்ள விண்டோஸ் கிடையாது என்பது. லினக்ஸிலும் எல்லாம் திறந்துகிடக்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் நிறுவுவதற்கான வடிவத்தைக் கைவிட்டுவிட்டது. மிகப் பழைய இயந்திரங்களுக்கு அங்கும் கதவு மூடிக்கொண்டு வருகிறது. ஆனால் 64 பிட் பிராசசர் உள்ள பழைய மடிக்கணினி, நினைவகத்தை நான்கு ஜி.பி. ஆக்கி, ஓர் எஸ்.எஸ்.டி. போட்டால் ஆய்வேடு எழுதவும், நிரல் கற்கவும், இணைய வகுப்பு கேட்கவும் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். நெல்லும் முந்திரியும் மீனும் வருமானமாக உள்ள வீட்டில் புதிய மடிக்கணினிக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்பது எளிய தொகை அல்ல. ‘எல்லாம் இப்போது கைபேசியில்தானே’ என்பதையும் கேட்கிறேன். கைபேசியில் பாடம் கேட்கலாம். இருநூறு பக்க ஆய்வேட்டை எழுத முடியாது.

நமக்குப் பக்கத்திலேயே முன்மாதிரிகள் இருக்கின்றன. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் பிறகு கைட் நிறுவனமாகி, பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் தொகுப்பை வெளியிட்டுவருகிறது. அங்கே ஆசிரியர்கள் அதை நிறுவக் கற்றுக்கொள்கிறார்கள். லிட்டில் கைட்ஸ் மாணவர் குழுக்கள் பள்ளிக் கணினிகளைப் பராமரிப்பதிலும் கை கொடுக்கின்றன. கடலூரின் அண்டை மாவட்டத்தில் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் வகுப்பு நடத்திவருகிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ் ஒலியோடு கிடைக்கின்றன. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் தமிழில் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறது. பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. அதை வகுப்பறைக்குள் கொண்டுவரும் நிறுவனம்தான் வேண்டும். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013 முதல் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சி.முட்லூரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, கடலூரில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சிப் பாடத்திட்டத்தில் கணினி வன்பொருள் பராமரிப்புக்கென்றே தொழிற்பிரிவு இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில் செயற்கை நுண்ணறிவு வரை கற்றுத்தரும் அரசு, ஒரு பருவத்தில் ஆறு மணி நேரத்தை இதற்கு ஒதுக்க முடியாதா?

நான் கேட்பது மூன்று ஏற்பாடுகள். அரசு தரும் ஒவ்வொரு மடிக்கணினியோடும் மீட்புக்கான பென் டிரைவ் ஒன்றும், நான்கு பிழைச் செய்திகளையும் அவற்றுக்கான வழிகளையும் மீட்புச் சாவி எழுதிவைக்க ஒரு கட்டத்தையும் கொண்ட தமிழ்த் தாள் ஒன்றும் தரப்பட வேண்டும். கல்லூரிக் கணினி ஆய்வகங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை ஊருக்குத் திறந்திருக்க வேண்டும். துவங்காத மடிக்கணினியோடு யாரும் வரலாம், கடைக்காரர்களும் கற்றுக்கொள்ள வரலாம். மூன்றாவது, செய்முறைத் தேர்வு. பழைய இயந்திரம் ஒன்றில் ஆசிரியர் முன்கூட்டியே பூட் லோடரை அழித்துவைக்கட்டும். மாணவர் ஒரு மணி நேரத்துக்குள் அதை எழுப்பட்டும். மதிப்பெண்ணில் பாதி இயந்திரம் எழுந்ததற்கு. மறுபாதி, தேர்வுக்கு முன் வன்தட்டில் வைத்த கோப்புகள் ஒன்றும் குறையாமல் அதே இடத்தில் இருப்பதற்கு.